எல்லா வீடும் ஓம் சொல்ல வேண்டும்

எங்கள் ஊர்ச் சங்கத்தில் வாக்கெடுப்பு கிடையாது. சிட்னியில் உள்ள மற்றச் சங்கங்களில் கை உயர்த்துவார்கள், துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு போய் இன்னொரு சங்கம் தொடங்குவார்கள். நாங்கள் அப்படியில்லை. தலைவர் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்வார். பிறகு ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்து, "உங்கட வீடு?" என்று கேட்பார். அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சம்மதமாக வாய் திறந்து "ஓம்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. ஒரு வீடு சொல்லாவிட்டாலும் விஷயம் அத்தோடு நின்றுவிடும். அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பார்கள். பொங்கல் விழாவுக்கு வாழையிலையா, காகிதத் தட்டா என்ற கேள்வி ஒரு வருடம் முழுக்க இழுபட்டது. வாழையிலை எங்கே வாங்குவது என்று யாருக்கும் தெரியாதபோதும் ஒரு வீடு விடாமல் இலைக்காக நின்றது. கடைசியில் அந்த வீட்டுக்காரரே ஹரிஸ் பார்க் கடைகளில் ஏறி இறங்கி, உறைந்த இலைக் கட்டுகளோடு வந்து சேர்ந்தார்.

சின்னப் பிள்ளையாகக் கூட்ட மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தபோது எனக்கு இதெல்லாம் பெரிய அலுப்பு. வளர்ந்த பிறகுதான் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அது ஒரு குளக்கட்டிலிருந்து வந்தது.

அம்மாவின் ஊர் இலங்கையில், வன்னியின் தென்கோடியில் இருக்கிறது. பத்திரிகைகள் அதை எல்லைக் கிராமம் என்று எழுதின. அம்மாவுக்கு அது எல்லை என்று தெரிந்ததே ஊரை விட்டு ஓடிய பிறகுதான். அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குளமும், அதன் கட்டும், கட்டுக்குக் கீழே வயலும், வயல் முடிகிற இடத்தில் இன்னொரு ஊரும். அந்த இன்னொரு ஊர் சிங்கள ஊர். எங்கள் ஆட்கள் அதைக் கீழூர் என்பார்கள். வாய்க்கால் முதலில் எங்கள் வயல்களைத் தாண்டி, பிறகு கீழூர் வயல்களுக்குப் போகும். குளம் ஒன்றுதான். இரண்டு ஊருக்கும் அதே தண்ணீர்தான்.

குளத்தின் துருசைத் திறந்தால்தான் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். கட்டின் அடியில் கல்லால் கட்டிய மதகு அது. இரும்புத் திருகைத் திருகினால் கதவு மேலே எழும். அதைத் திறந்து மூடும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். வட்டவிதானை என்பார்கள். அம்மாவின் அப்பாதான் அந்த வட்டவிதானை. ஒவ்வொரு காலபோகத்துக்கும், அதாவது மாரிகால நெல் விதைப்புக்கும், முன்னால் இரண்டு ஊர்க்காரரும் குளக்கட்டில் வந்து குந்துவார்கள். எப்போது திறப்பது, யாருக்கு எந்த முறை என்று பேசுவார்கள். அவர் ஒவ்வொரு வீடாகக் கேட்பார். தமிழில் ஓம் வரும், சிங்களத்தில் ஓம் வரும். எல்லா வீடும் சொன்ன பிறகுதான் திருகில் கை வைப்பார். ஒரு வீட்டை விட்டுவிட்டுத் திறந்தால் அந்த வீட்டுக்காரன் வாய்க்காலை வெட்டுவான், பிறகு எல்லோருடைய பயிரும் போகும். காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக ஒரு மனிதர் வருடா வருடம் பிடிவாதக்காரர்களின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வருகிறது. நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர் போய்விட்டார். அவருடைய படம்கூட எங்களிடம் இல்லை.

அவரைத் துருசடியில் வைத்துத்தான் கொன்றார்கள். அதிகாலையில் ஆயுதங்களோடு வந்தவர்கள் கட்டில் நின்றவர்களைச் சுட்டார்கள், வீடுகளை எரித்தார்கள். அவரோடு இன்னொரு இளைஞனும் துருசடியில் செத்தான். வயலில் நின்றவர்கள் சிலர், வீட்டுக்குள் இருந்தவர்கள் சிலர். தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடி, நடந்து நடந்து வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா அப்போது சின்னப் பெண். வந்தவர்கள் யார் என்பதில் எங்கள் ஆட்களிடையே இன்றைக்கும் இரண்டு கதை உண்டு. கீழூர்க்காரர்களுக்கு முன்பே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். தெரியாது என்று சிலர் சொல்வார்கள். கொஞ்ச நாளில் கீழூருக்கும் ஒரு அதிகாலை வந்தது. அங்கேயும் வயலில் நின்றவர்கள்தான் செத்தார்கள். அதன்பிறகு இரண்டு ஊரிலும் யாரும் இல்லை. குளக்கட்டில் காடு வளர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் ஊரில் ஓர் ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடம் இருந்ததாம். நகரத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த வாத்தியார், பாதையில் பயம் என்று வருவதை நிறுத்தியபோது அம்மா அரிவரி வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை. அப்பா நெல் மூட்டை தூக்கப் போனதால் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் சிட்னிக்கு வந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்து, பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்தேன். இப்போது ஒரு நகரசபையில் மழைநீர் வடிகால்கள் அமைக்கும் பிரிவில் வேலை. என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டு முன்னறையில், உள்ளே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே தொங்குகிறது. அதை எடுத்து உள்ளே மாட்டச் சொல்லி நான் ஒருபோதும் கேட்டதில்லை. அந்தப் படம் அங்கே தொங்க வேண்டியதுதான்.

போன வருடம் அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, மீள்குடியேற்றத்தில் ஊருக்குத் திரும்பிப் போனவர்களில் ஒருவர். திரும்பிய குடும்பங்கள் மிகக் கொஞ்சம். குளக்கட்டை அரசாங்கம் திருத்திக் கொடுத்திருந்தது. துருசு மட்டும் பழையபடி கிடந்தது. கதவு உக்கி, சுற்றுக்கட்டு வெடித்து, மாரியில் நிரம்புகிற தண்ணீர் பயிர் பாதி வளர்வதற்குள் கசிந்து போய்விடும். இரண்டு போகம் மாமாவின் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. மூன்றாவது போகமும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போய் ஏதாவது கடையில் நிற்கப்போவதாகச் சொன்னார்.

"நீ போனா மற்ற ஆக்களும் போயிடுவினமடா," என்றார் அம்மா போனில்.

"போகட்டுமன் அக்கா. குரங்கும் யானையும் இருக்கு ஊரைப் பாக்க."

விவசாயிகளின் விஷயங்களைப் பார்க்கும் கமநல அலுவலகத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. வேலையை ஊரவர்களே செய்யலாம், செலவைச் சங்கம் ஏற்கலாம் என்றார்கள். சங்கத்தில் அதற்குப் போதுமான பணம் இருந்தது. மாமா வீடியோவில் காட்டிய அளவுகளை வைத்து நான் படம் கீறினேன். மாமா அதை வவுனியாவில் ஒரு மேசனிடம் காட்டினார். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். மிச்சமிருந்தது சங்கத்தின் ஓம் மட்டும்தான்.

கூட்டம் வென்ற்வேர்த்வில்லில் நாங்கள் வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் நடந்தது. ரோல்ஸும் தேநீரும் முடிந்த பிறகு நான் படத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினேன். மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில் இருக்கும் ஒரு குடும்பம் வழக்கம்போல மடிக்கணினித் திரையில் இருந்தது.

"பிள்ளை, போன மழைக்கு பரமட்டா றோட்டில முழங்கால் அளவு தண்ணி நிண்டது," என்றார் ஒருவர். "அதை முதல் வடிய விட்டுட்டு எங்கட குளத்துக்கு வாங்கோவன்."

"அது எங்கட ஏரியா இல்லை, அங்கிள்."

"எல்லா எஞ்சினியரும் இதைத்தான் சொல்லுறியள்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் எழுபதைத் தொடும் வயது மனிதர். துருசடியில் என் தாத்தாவோடு செத்த அந்த இளைஞன் இவருடைய தம்பி. அப்போது இவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். தம்பியின் உடலை அவர் பார்க்கவில்லை. எரித்தார்களா புதைத்தார்களா என்றுகூட யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். புதிதாக வந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்தையும் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தவர் அவர்தான். என்னை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்று தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

அவர் எழுந்து நின்றார். வழக்கமாக எல்லா வீட்டையும் கேட்ட பிறகுதான் தன் வீட்டைச் சொல்வார். அன்றைக்கு முதலில் தன் வீட்டைச் சொன்னார்.

"என்ர வீடு இதுக்கு ஓம் சொல்லாது."

சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கையால் காட்டினார்.

"அந்த இடம் கல்லறை. என்ர தம்பிக்கு வேற கல்லறை இல்லை. அதை மூடி, அதுக்கு மேல ஒரு கல்லு நட்டு, செத்த ஆக்கள் எல்லாரின்ர பேரையும் எழுதோணும். இதைத்தான் நான் கன நாளா நினைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் கல்லறையை இடிச்சுக் கதவு போட்டுத் தண்ணி விடப் போறியள். அதுவும் ஆருக்கு? எங்கட வயலைத் தாண்டி அந்தத் தண்ணி ஆரின்ர வயலுக்குப் போகுது?"

கல்லைப் பக்கத்தில் வைக்கலாம் என்று நான் படத்தில் இடம் காட்டினேன். துருசை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது, கட்டில் அந்த ஒரு இடம்தான் போதுமான அளவு பள்ளம் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உன்ர படத்தில பிழை இல்லை பிள்ளை," என்றார். "எனக்குத்தான் மனம் வரேல்லை."

மற்ற வீடுகளைக் கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர மற்ற எல்லோரும் ஓம் சொல்லத் தயாராக இருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த இளைஞர், கணக்காளர். அவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"அங்கிள் குறை நினைக்கக் கூடாது. மழை வரப்போகுது. இந்த ஒருக்கா மட்டும் கையை உயர்த்திப் பாப்பமே? மெஜோரிட்டி எண்டா போவம்."

எனக்குள் ஒரு நம்பிக்கை எழும்பியது. எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. கை உயர்ந்தால் துருசு திருத்தப்படும், மாமா ஊரில் இருப்பார். தலைவரும் எதிர்க்கவில்லை. "உங்கட விருப்பம்," என்று கதிரையில் இருந்துவிட்டார்.

"தம்பி, இரும்," என்றார் அம்மா.

கூட்டங்களில் "ஓம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர் என் அம்மா. ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இயந்திரங்களின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரல் மண்டபத்தில் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

"கையும் வேண்டாம் காலும் வேண்டாம். ஒரு வீடு இல்லையெண்டா இல்லைத்தான்."

"அன்ரி, இது உங்கட தம்பியின்ர வயலுக்குத்தானே..."

"என்ர தம்பியின்ர வயல்தான். என்ர அப்பா திறந்த துருசுதான். அவர் ஒரு வீட்டை விட்டுட்டுத் திறந்தவர் எண்டு பேர் வரக் கூடாது. எங்கட துருசுக்கே கை தூக்கினா பிறகு எதுக்கு ஓம் கேக்கிறது? காகிதத் தட்டுக்கே?"

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடிந்தது. திரையில் இருந்த கிளென் வேவர்லி அன்ரி நெடுநேரமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நாங்கள் வெண்டிருப்பம்."

"ஓம்."

"மாமா வீட்டைப் பூட்டப்போறார்."

"தெரியும்."

"பிறகேன்?"

"ஏன் இவ்வளவு வேகமா ஓடுறாய்? கமரா இருக்கு."

அம்மா வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் எடுத்து, "இன்னும் கேக்கேல்லை, பொறு," என்று மட்டும் சொன்னார். மாமா ஏதோ கோபமாகச் சொன்னது கேட்டது. அம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். நான் அன்றைக்கு அவரைப் பார்த்த மாதிரி அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த படிப்பு முழுவதும் ஒரு காரியத்தை எப்படி முடிப்பது என்பதைப் பற்றியதாக இருந்தது. அவருக்கோ, எப்படி முடிக்கக் கூடாது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தலைவர் தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவி இன்னும் உள்ளே யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார். நெற்றியில் விபூதி காய்ந்திருந்தது.

"தங்கச்சி, உன்னட்ட ஒண்டு கேக்கோணும்," என்றார் அம்மாவிடம். "இவ்வளவு வருசமும் கேக்கேல்லை. கேக்கப் பயம்."

"கேளுங்கோ அண்ணை."

"அண்டைக்கு நீ குளக்கட்டில நிண்டனியாம். உண்மையோ?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கும் அது புதுச் செய்தி. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஓம். அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனனான். மருத மரத்துக்குப் பின்னால நிண்டனான்."

"என்ர தம்பி என்ன செய்துகொண்டு நிண்டவன்?"

"பாடிக்கொண்டு நிண்டவர்."

"என்ன?"

"சினிமாப் பாட்டு. துருசுக்க இறங்கி நிண்டு பெருஞ் சத்தமாப் பாடினவர். அப்பா, 'வாயை மூடடா, குளத்து மீன் எல்லாம் கீழூருக்கு ஓடப்போகுது' எண்டு பேசினவர். அதுக்கு உங்கட தம்பி, 'அங்கையாவது ரசிப்பினம்' எண்டார்."

தலைவரின் முகம் ஒரு கணம் அவிழ்ந்தது. சிரித்தே விட்டார். "அவனுக்கு ராகமே வராது. வீட்டில அம்மா விளக்குமாத்தோட கலைப்பா." பிறகு சிரிப்பு நின்றது. "அவனுக்கு அங்க என்ன வேலை? நீங்கள்தானே துருசுக்காரர். அவன் ஏன் அந்த நேரம் அங்க போனவன்?"

எங்களுக்குப் பின்னால் ஒரு கார் ரிவேர்ஸ் எடுத்துப் போனது. அது போகும்வரை அம்மா காத்திருந்தார்.

"அப்பாவுக்குக் கை வலி. திருகு இறுகிக் கிடந்தது. ஒருத்தரும் உங்கட தம்பியைக் கூப்பிடேல்லை. வயலுக்குப் போற வழியில கண்டுட்டு அவரா இறங்கினவர்." மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். "அண்டைக்கு எங்கட முறை இல்லை அண்ணை. கீழூரின்ர முறை."

தலைவர் அம்மாவையே பார்த்தார்.

"அவங்களுக்குத் திறந்துவிடப் போயே செத்தவன்?"

"ஓம்."

"இதை மண்டபத்தில சொல்லியிருந்தா ஒரு வீடும் உனக்கு ஓம் சொல்லியிருக்காது."

"தெரியும்."

"இனி நான் ஓம் சொல்லுவன் எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை."

"பிறகேன் சொன்னனீ?"

"நீங்கள் கேட்டனீங்கள்."

அவருடைய மனைவி பிரசாதப் பையோடு வந்தார். "என்ன, மூண்டு பேரும் வெயிலுக்க நிக்கிறியள்?" என்றார். தலைவர் காரில் ஏறினார். சாவியைப் போட்டுவிட்டு நெடுநேரம் காரை எடுக்கவில்லை. நாங்கள்தான் முதலில் புறப்பட்டோம்.

அம்மா அந்தக் காட்சியை இத்தனை வருடம் தனக்குள் வைத்திருந்ததை நினைத்தேன். தன் தம்பியின் வயல் போய்விடும் என்று தெரிந்தும், கேட்டவருக்கு அதைக் கொஞ்சமும் மாற்றாமல் எடுத்துக் கொடுத்ததை நினைத்தேன். கீழூரின் முறை என்ற ஒரு வார்த்தையை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தலைவருக்கு அது தெரிந்தே இருக்காது.

அடுத்த கூட்டம் வந்தபோது வானிலை அறிக்கையில் வன்னியில் மழைக்குறி வந்துவிட்டது. மாமா தினமும் அனுப்புகிற வீடியோவில் மேகம் மட்டும்தான். பேச்சில்லை. அம்மா வழக்கமான சேலையில், வழக்கமான இடத்தில், மூன்றாவது வரிசையில் இருந்தார்.

தலைவர் எழுந்து துருசு விஷயத்தைத் திரும்பவும் எடுத்தார். இந்த முறை தன் வீட்டை முதலில் சொல்லவில்லை. பழையபடி ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்.

"உங்கட வீடு?"

"ஓம்."

"உங்கட?"

"ஓம் அண்ணை."

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா "ஓம்" என்றார். எல்லா வரிசையும் முடிந்து திரைக்கு வந்தார். திரையில் அன்ரியும் அங்கிளும் உதடுகளை அசைத்தார்கள்.

"அன்ரி, மியூட்டில நிக்கிறியள்," என்று செயலாளர் கத்தினார்.

அன்ரி இன்னும் பெரிதாக வாயை அசைத்தார். கையால் சைகை காட்டினார். பெருவிரலைத் தூக்கினார்.

"பெருவிரல் சரிவராது. வாயால சொல்லோணும்!"

அவர்களுடைய மகன் அறைக்குள் வந்து, எதையோ அமத்தி, சலிப்போடு வெளியே போனான். உடனே, "...ஓம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, காது கேக்காதோ உங்களுக்கு?" என்று அன்ரியின் குரல் மண்டபம் முழுவதும் வெடித்தது. இறுக்கமாக இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை தலைவர் மேசையில் கையூன்றி நின்றார்.

"மிச்சம் என்ர வீடு," என்றார்.

அவருடைய மனைவி முன்வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லுக்கும் இடம் விடு பிள்ளை. தண்ணி தெறிக்காத பக்கமா," என்றார். ஏன் மனம் மாறினார் என்று யாரும் கேட்கவில்லை. இல்லை என்கிறவரிடம்தான் எங்கள் ஆட்கள் காரணம் கேட்பார்கள். ஓம் என்கிறவரிடம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அம்மா தேநீர் வாங்கிக்கொண்டு போய் அவருடைய கையில் கொடுத்ததையும், இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து குடித்ததையும் பார்த்தேன்.

மேசன் மூன்று கிழமை வேலை செய்தார். அந்த மூன்று கிழமையும் எனக்கு இரட்டை வேலை. பகலில் நகரசபை வடிகால், மாலையில் வீடியோவில் துருசு. கொங்கிரீட் கலவையைக் கிட்டக் காட்டச் சொல்லுவேன். மாமா போனைக் கலவைக்குள்ளேயே விடுகிற மாதிரிப் பிடிப்பார். கதவு பொருந்திய அன்று கட்டில் நின்ற எல்லோருக்கும் முன்னால், "இது என்ர மருமகள் கீறினது," என்று மாமா சொன்னது எனக்குப் பதிவாகக் கிடைத்தது. அதை இன்னும் அழிக்கவில்லை. மழை பிந்தாமல் வந்தது. குளம் நிரம்பியது. விதைத்தார்கள்.

தண்ணீர் திறப்பதற்கு முன்னால் மாமா குளக்கட்டில் கூட்டம் வைத்தார். கீழூரிலும் சில குடும்பங்கள் திரும்பி வந்திருந்தன. அவர்களுக்கும் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்தார்கள், கொஞ்சம் தள்ளிக் குந்தினார்கள். மாமாவுக்குச் சிங்களம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. ஒவ்வொரு வீடாகக் கேட்டு முடிக்க நெடுநேரம் எடுத்ததாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் மூன்றாம் நாள்தான் ஓம் சொன்னாராம்.

"கீழூரில ஒருத்தரும் இழுக்கேல்லை," என்றார் மாமா. "இழுத்தது எங்கட ஆள்தான். எப்பவும் அப்பிடித்தானே."

தண்ணீர் திறந்த அன்று இங்கே ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு மத்தியான ஷிப்ற். அவரைத் தொழிற்சாலையில் இறக்கிவிடக் காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. தலைவர். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, திறந்தாச்சாம்?"

"ஓம் அண்ணை. விடியவே திறந்தவங்கள்."

"கசிவு?"

"ஒரு சொட்டும் இல்லையாம்."

"ஆரின்ர முறை முதல்?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கீழூரின்ர. கடைசி வயலுக்குத்தான் முதல் விடுறது. எங்கட பக்கம் முதல் விட்டா அங்க போய்ச் சேராது."

நான் சிவப்பு விளக்கில் நின்றேன். விளக்கு மாறியது. பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடித்தார்.

"எவ்வளவு தூரம் போட்டுது இப்ப?"

அம்மா மாமாவின் கடைசி வீடியோவை மறுபடி ஓடவிட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வாய்க்காலில் மண்ணிறத் தண்ணீர், அதன் முனையில் நுரையும் சருகும், அதோடு சேர்ந்து நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவரின் வெறுங்கால்கள்.

"அவையின்ர முதல் வரம்பில ஏறுது அண்ணை."

"ஏறுதோ?"

"ஓம், ஏறுது."

"சரி வை," என்றார் அவர். "மனிசி குசினியில நிண்டு என்னவாம் என்னவாம் எண்டு உயிரை எடுக்கிறா. அவவுக்குச் சொல்லோணும்."